அண்ணன் முறை

முன் சீட்டைப் பார்த்தீர்களா தம்பி? எட்டிப் பார்க்காதீர்கள், சும்மா ஜன்னலைப் பார்ப்பதுபோல் பாருங்கள். மூக்குத்தி போட்ட பிள்ளை. நம் பிள்ளைதான், சந்தேகமே இல்லை. அது சாய்ந்துகொண்டிருக்கிற தோள் யாருடையது? சீனப் பையனுடையது. ஈப்போவில் பஸ் ஏறியதிலிருந்து ஒரு பாட்டை ஆளுக்கு ஒரு காதில் மாட்டிக்கொண்டு கேட்கிறார்கள். வீட்டில் என்ன சொல்லிவிட்டு வந்திருக்கும்? தோழி வீட்டில் படிக்கப் போகிறேன் என்று சொல்லியிருக்கும். அந்த அம்மாவும் நம்பி, தோசை சுட்டுக் கொடுத்து அனுப்பியிருப்பாள்.

எனக்கென்ன. எக்கேடோ கெட்டுப் போகட்டும்.

நான் நில அலுவலகத்தில் முப்பத்து மூன்று வருஷம் வேலை பார்த்தவள். எல்லைக்கல் எங்கே இருக்கிறது என்று தெரியாத ஜனங்களை தினம் பார்த்திருக்கிறேன். கல்லைத் தள்ளி நட்டுவிட்டால் நிலம் தன்னுடையதாகிவிடும் என்று நினைப்பார்கள். வரைபடம் என்று ஒன்று இருக்கிறது, அது அலமாரியில் இருக்கிறது, அதை நீ தள்ளி நட முடியாது என்று சொன்னால் கோபம் வரும்.

நீங்களும் தைப்பிங்தானா? நல்லது. நான் கல்யாணத்துக்குப் போகிறேன். நாளைக் காலை முகூர்த்தம். என் தங்கச்சி மகள். இந்தப் பையை ஏன் மடியில் வைத்திருக்கிறேன் என்றால் உள்ளே பட்டுச்சேலை இருக்கிறது. மேலே வைத்தால் எவனாவது தூக்கிக்கொண்டு இறங்கிவிடுவான். பெரியம்மா சீர். நான்தான் பெரியம்மா.

போட்டோவா? இருக்கிறது, இந்தாருங்கள்.

ம். எல்லாரும் இப்படித்தான். முதலில் போட்டோவைப் பார்ப்பார்கள், பிறகு என்னைப் பார்ப்பார்கள், பிறகு மறுபடியும் போட்டோவை. ஆமாம் தம்பி, பெற்றது சீனச்சி. வளர்த்தது என் தங்கச்சி பாக்கியவதி. பார்த்து முடித்துவிட்டீர்களா? கொடுங்கள்.

பாக்கியத்துக்குப் பத்து வருஷம் பிள்ளை இல்லை. அவள் வீட்டுக்காரர் லாரி ஓட்டுகிறவர், வாய் திறக்காத மனிதர். அந்த வீட்டில் நான்கு சுவர், அவரையும் சேர்த்தால் ஐந்து. அவர்கள் தெருவில் ஒரு சீனன் மோட்டார்ப் பட்டறை வைத்திருந்தான். அவனுக்கு மூன்றாவதும் பெண். அதுவும் புலி வருஷத்தில். அவர்களுக்கு வருஷத்துக்கு ஒரு மிருகம் இருக்கிறதல்லவா. புலி வருஷத்தில் பெண் பிறந்தால் அப்பனை விழுங்கிவிடுமாம். பட்டறை படுத்துப்போனதே, அது பத்து நாள் குழந்தை செய்த வேலையாம். வேறு இனத்தாருக்குக் கொடுத்துவிட்டால் தோஷம் போய்விடும் என்று கோயிலில் எவனோ சொல்லியிருக்கிறான். இவனும் துணியில் சுற்றிக் கொண்டுவந்து பாக்கியத்தின் கையில் கொடுத்துவிட்டான். எவ்வளவு மூடத்தனம் பாருங்கள். பெற்ற பிள்ளையை ஒரு மிருகத்தின் பேரைச் சொல்லி! நம்மிலும் மூல நட்சத்திரத்துப் பெண்ணை எடுக்கமாட்டார்கள்தான். அது வேறு. அது சாஸ்திரம்.

நான் போய்ப் பார்த்தேன். கண் திறந்திருக்கிறதா மூடியிருக்கிறதா என்றே தெரியவில்லை. "ஏன்டி, ரப்பர் தோட்டத்துல எத்தன தமிழ்ப் பிள்ளைங்க அப்பன் ஆத்தா இல்லாமக் கெடக்கு, உன் கண்ணுக்கு ஒண்ணும் படலையா?" என்று கேட்டேன். "இதுதான்கா என்னைப் பாத்துச் சிரிச்சுச்சு" என்றாள். சிரித்ததாம். பத்து நாள் குழந்தை வாயுவில் வாயைக் கோணினால் அதற்குப் பேர் சிரிப்பு. திலகவதி என்று பேர் வைத்தார்கள். வாய் நிறைய.

நான் அன்றைக்கே எல்லையை நட்டுவிட்டேன். அந்தப் பிள்ளை என்னைப் பெரியம்மா என்று கூப்பிடக் கூடாது, ஆண்ட்டி என்றுதான் கூப்பிட வேண்டும். பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் கூப்பிடுகிறதில்லையா, அதுபோல. என் மகன் யுகேந்திரன் அதைவிட நான்கு வயது மூத்தவன். ஒரு தீபாவளிக்கு அவர்கள் வீட்டுக்குப் போயிருந்தபோது "தங்கச்சி, மத்தாப்பு இந்தா" என்று கொடுத்தான். வீட்டுக்கு வந்ததும் தொடையில் கிள்ளினேன். அடையாளம் மூன்று நாள் இருந்தது. "அவ உன் தங்கச்சி இல்ல. நமக்கு ரத்த சம்பந்தம் கிடையாது. பேர் சொல்லிக் கூப்பிடு" என்றேன். கெட்டிக்காரப் பையன், ஒரு தடவை சொன்னால் போதும்.

என் அப்பா இறந்தபோது அதற்குப் பத்து வயது. பேரப்பிள்ளைகள் நெய்ப்பந்தம் பிடித்துக்கொண்டு பிணத்தைச் சுற்றி வருவார்களே, அதுவும் ஒரு பந்தத்தைப் பிடித்துக்கொண்டு வரிசையில் நிற்கிறது. அழுதுகொண்டு வேறு நிற்கிறது. நான் போய்ப் பந்தத்தைக் கையிலிருந்து வாங்கிவிட்டேன். பிடுங்கினேன் என்று பிற்பாடு சொன்னார்கள். பிடுங்கவில்லை, வாங்கினேன். "சொந்தப் பேரப்பிள்ளைங்க பிடிக்கிறது இது" என்றேன். சாவு வீட்டில் அத்தனை பேர் இருந்தார்கள், யாராவது ஏன் என்று கேட்டார்களா? கேட்கவில்லை. எல்லார் மனதிலும் இருந்ததைத்தான் நான் செய்தேன். மற்றவர்களுக்குத் தைரியம் கிடையாது. பாக்கியம் மட்டும் அந்தப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வெளியே போனாள். பத்து வயதுக் குதிரையை இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டு போகிறாள், கண்றாவி. அதற்குப் பிறகு பதினேழு வருஷம் நான் அந்த வீட்டுப் படி ஏறவில்லை.

உங்கள் சம்சாரம் எந்த ஊர் தம்பி? ஓ. ஸ்காட்லாந்தா. அங்கேயே கல்யாணமா? இல்லை, இல்லை, நான் ஒன்றும் சொல்லவில்லை. வெள்ளைக்காரி என்றால் பரவாயில்லை. அவர்கள் நம்மை ஆண்டவர்கள், ஒரு ஒழுங்கு இருக்கும். நான் சொல்வது இந்த ஊரில் இருக்கிற மற்றவர்களை. பிள்ளைகள் இருக்கிறார்களா? யாரைப் போல?

சரி, விடுங்கள்.

போன வருஷம் யுகேந்திரன் பூப்பந்து விளையாடும்போது முட்டி விலகிவிட்டது. ஆறு வாரம் ஆஸ்பத்திரியில் முட்டிப் பயிற்சிக்குப் போகச் சொன்னார்கள். முதல் வாரம் முனகிக்கொண்டு போனான். இரண்டாவது வாரம் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டு போனான். ஆறு வாரம் பத்து வாரம் ஆனது. இவன் அப்பா போனபிறகு அந்த வீட்டில் நானும் இவனும்தான், சாப்பிடும்போது ஒரு வார்த்தை பேசமாட்டான். அப்படிப்பட்டவன் அடுப்படியில் நின்றுகொண்டு எனக்கு வெங்காயம் உரித்துக் கொடுத்தான். பயிற்சி கொடுக்கிற பிள்ளை யாரோ, மகராசி, நன்றாக இருக்கட்டும் என்று நான் சாமி விளக்கு முன்னால் நின்று சொல்லியிருக்கிறேன். கேளுங்கள் இந்தக் கேவலத்தை.

ஒரு நாள் சாப்பிட்டுக்கொண்டே சொன்னான். "அம்மா, நான் ஒரு பொண்ணக் கட்டிக்கணும்னு இருக்கேன்."

"யாரு, அந்த முட்டிக்கு வைத்தியம் பாக்குற பிள்ளையா? பேர் என்ன?"

"திலா."

"திலான்னா?"

"திலகவதி. சின்னம்மா மக."

"டேய், அவ உனக்குத் தங்கச்சிடா!"

நான் சொல்லவில்லை தம்பி. வாய் சொன்னது. பெரியம்மா சின்னம்மா பிள்ளைகள் என்றால் அண்ணன் தங்கைதானே, நம் வாயில் அது தானாக வந்துவிடும். அவன் சோற்றைப் பிசைவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தான். சிரித்தான்.

"எந்தத் தங்கச்சிம்மா? தொடையில கிள்ளுனீங்களே, அந்தத் தங்கச்சியா? தாத்தா செத்தப்ப பந்தத்தப் பிடுங்குனீங்களே, அந்தத் தங்கச்சியா? ரத்த சம்பந்தமே இல்லன்னு எனக்குச் சொல்லிக் குடுத்தது யாரு?"

வக்கீலுக்குப் படிக்க வைத்திருக்க வேண்டும் இவனை. எஞ்சினியருக்குப் படிக்க வைத்தது வீண்.

"சரிடா, தங்கச்சி இல்ல. சீனச்சி. சீனச்சியக் கொண்டாந்து என் வீட்ல வைப்பியா?"

"ரெண்டுல ஒண்ண முடிவு பண்ணுங்கம்மா. தங்கச்சியா, சீனச்சியா? ரெண்டையும் வச்சு ஒரே நேரத்துல என்னை அடிக்காதீங்க."

அதற்குப் பிறகு சொன்னானே ஒன்று, அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. இவன் கேட்டுவிட்டானாம். அவள் மாட்டேன் என்றுவிட்டாளாம்! என் மகனை! ஆறடி உயரம், கண்ணாடி போட்டால் ஒரு கலெக்டர் மாதிரி இருப்பான், பெட்ரோல் கம்பெனியில் வேலை. அவனை ஒரு பட்டறைச் சீனன் வேண்டாம் என்று துணியில் சுற்றிக் கொடுத்த பெண் வேண்டாம் என்கிறாள். ஏனாம்? "நீங்க எனக்கு அண்ணன் முறை" என்றாளாம். முறை! எனக்கே முறை சொல்லித்தருகிறாள்.

"அவளுக்கு இஷ்டம் இல்லன்னா விட்டுத் தொலையேன்டா."

"இஷ்டம் இல்லன்னு அவ சொல்லலம்மா. முறை இல்லன்னுதான் சொன்னா. நீங்க வந்து ஒரு வார்த்த சொல்லுங்க. இத்தன வருஷமா எல்லார்கிட்டயும் சொன்னதத்தான். அவகிட்ட நேரா சொல்லுங்க. நீ எங்களுக்கு ஒரு உறவும் இல்லன்னு. அது போதும்."

"மாட்டேன்னா?"

"அடிலெய்ட்ல வேலை இருக்கு. போயிடுவேன். திரும்பி வரமாட்டேன்."

என் ஒரே பிள்ளை தம்பி. இவனுக்காக நான் என்னவெல்லாம்... அது போகட்டும். போனேன். ஒரு சனிக்கிழமை. அவன்தான் காரை ஓட்டினான். வாசலில் நிறுத்திவிட்டு உள்ளே வரமாட்டேன் என்று காரிலேயே உட்கார்ந்துகொண்டான். பதினேழு வருஷத்துக்குப் பிறகு படி ஏறுகிறேன், பாக்கியம் என்னைப் பார்த்ததும் ஈரக் கையைச் சேலையில் துடைத்தாள், துடைத்தாள், துடைத்துக்கொண்டே இருந்தாள். "வாக்கா" என்றாள். அந்த ஐந்தாவது சுவர் எழுந்து நின்று கும்பிட்டது.

அந்தப் பெண் டீ கொண்டுவந்தது. ஈப்போவுக்கு வேலைக்குப் போய்வருகிற உடுப்பில்தான் இருந்தது, நெற்றியில் திருநீறு. நன்றாகத்தான் வளர்ந்திருக்கிறது, அதைச் சொல்லத்தான் வேண்டும். டீயில் சர்க்கரை போட மறந்துவிட்டது. இந்த வயதிலேயே மறதி. சுற்றி வளைக்கவில்லை, நேராகவே பேசியது. நம் தமிழ்தான். என் மகனைவிடத் திருத்தமாக.

"ஆண்ட்டி, நீங்க எதுக்கு வந்திருக்கீங்கன்னு தெரியும். நான் ஒண்ணு சொல்லிடுறேன். சின்ன வயசுலேர்ந்து மார்க்கெட்ல, கிளினிக்ல, பள்ளிக்கூடத்துல, எல்லாரும் எங்கம்மாவப் பாத்துக் கேப்பாங்க, இது உன் பிள்ளையான்னு. ஒவ்வொரு தடவையும் ஆமா ஆமான்னு சொல்லிச் சொல்லி அவங்களுக்கு வாயே வலிச்சிருக்கும். அவங்க அக்கா மகன நான் கட்டிக்கிட்டா, இல்லன்னு நானே சொன்ன மாதிரி ஆயிடும்."

"அப்ப வேண்டாம்னு இரு" என்றேன்.

"இருந்துடுவேன். ஆனா அவரு கேக்கமாட்டேங்கிறாரு. எங்கம்மா அதுக்கு மேல. உனக்குப் பிடிச்சிருந்தா கட்டிக்கோ, என்னைப் பத்தி நினைக்காதேங்கிறாங்க. நீங்க அவங்ககூடப் பொறந்தவங்க. நான் உங்க தங்கச்சி மக இல்லன்னு அவங்க முன்னாடியே நீங்க சொல்லிட்டீங்கன்னா, முறையும் இல்ல, ஒண்ணும் இல்ல. நான் சரின்னு சொல்லிடுறேன்."

பாக்கியம் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "சொல்லுக்கா. எத்தனையோ தடவ சொன்னதுதானே. நான் ஒண்ணும் நினைச்சுக்க மாட்டேன். பிள்ளைங்க நல்லா இருந்தாப் போதும்" என்றாள். மானம் ரோஷம் இருக்கிறதா பாருங்கள். தன்னை மலடி என்று என் வாயால் சொல்லச் சொல்லி என் கையைப் பிடித்துக் கேட்கிறாள்.

எனக்கு அப்போதுதான் மூளை வேலை செய்தது தம்பி. நில அலுவலக மூளை. இல்லை என்று சொன்னால் இவள் மருமகள். ஆமாம் என்று சொன்னால் தங்கச்சி மகள். மருமகள் என்றால் என் வீட்டில் இருப்பாள், என் அடுப்படியில் நிற்பாள், நாளைக்கு என் பேரனுக்கு இவள் கண் வந்து ஒட்டும். தங்கச்சி மகள் என்றால் தைப்பிங்கில் இருப்பாள். பாம்பும் சாக வேண்டும், கம்பும் உடையக் கூடாது. நான் டீயைக் கீழே வைத்தேன்.

"யாரு சொன்னா இல்லன்னு? நீ என் தங்கச்சி பெத்த மக. அவன் உனக்கு அண்ணன். அண்ணன் தங்கச்சிக்குள்ள இந்தப் பேச்சு பேசலாமா? எந்திரி. இனிமே என்னை ஆண்ட்டின்னு கூப்பிடாத, பெரியம்மான்னு கூப்பிடு."

பாக்கியம் என் மடியில் முகத்தை வைத்துக்கொண்டு அழுகிறாள், இருபத்தேழு வருஷம்கா, இருபத்தேழு வருஷம்கா என்று அதையே சொல்லிச் சொல்லி. அந்தப் பெண் அப்படியே நின்றது. கண் நிறையத் தண்ணீர். சந்தோஷம் தாங்கவில்லை, பாவம். பிறகு குனிந்து என் காலைத் தொட்டது. "சரிங்க பெரியம்மா" என்றது. உள்ளே போய்க் குழாயைத் திறந்துவிட்டது. பத்து நிமிஷம் தண்ணீர் சும்மா ஓடிக்கொண்டிருந்தது. இதெல்லாம் ஒரு சின்ன விஷயம்தான், ஆனால் சிக்கனம் என்று ஒன்று சொல்லித்தர வேண்டாமா?

காருக்குள் ஏறியதும் சொன்னேன். "நல்ல வார்த்தையாத்தான் சொல்லிட்டு வந்திருக்கேன். உறவ ஒத்துக்கிட்டேன்." யுகேந்திரன் சாவியைத் திருகினான். "சரிம்மா" என்றான். ஈப்போ வரைக்கும் அந்த ஒரு வார்த்தைதான். அடுத்த மாதம் அடிலெய்ட் போய்விட்டான். போனால் போகட்டும், கோபம் ஆறினால் தாய் ஞாபகம் வரும் என்று இருந்தேன். பிள்ளைகள் எங்கே போய்விடும்?

பிறகு அந்தப் பெண்ணுக்கு வரன் வந்தது. பாகான் செராய் ஊர்ப் பையன், ஆசிரியர். அவன் அம்மா நிச்சயத்தில் என்னைத் தனியாக இழுத்துக்கொண்டு போய், "பொண்ணு சீனப் பிள்ளையாமே, குலம் கோத்திரம் என்னன்னு எப்படி..." என்று ஆரம்பித்தாள். எனக்கு வந்த கோபம்! "யாரைப் பாத்து சீனச்சிங்கிற? அவ என் தங்கச்சி மக. என் மகன் அவளுக்கு அண்ணன். வேணும்னா எடு, இல்லன்னா நடையக் கட்டு" என்று மண்டபமே கேட்கச் சொல்லிவிட்டேன். என்ன ஜனங்கள்! பிள்ளை எங்கே பிறந்தால் என்ன, வளர்ந்த வீடல்லவா வீடு? படிக்காத ஜென்மங்கள். சீனச்சி என்றால் நான் எதற்கு அன்றைக்கு அப்படிச் சொன்னேன்? என் பிள்ளை எதற்கு...

தண்ணீர் இருக்கிறதா தம்பி? இல்லை, வேண்டாம்.

யுகேந்திரன் வந்திருக்கிறான். கல்யாணத்துக்கு. ஆமாம், வந்துவிட்டான், நான் சொன்னேன் அல்லவா. கூடப்பிறந்தவன் இல்லாத பெண்ணுக்குப் பொரி யார் போடுவது? அக்கினி முன்னால் பெண் கையில் பொரி போட அண்ணன் வேண்டும். பாக்கியம் போன் பண்ணிக் கேட்டிருக்கிறாள், இவன் லீவு போட்டுவிட்டு வந்துவிட்டான். வந்து ஐந்து நாள் ஆகிறது. நேரே தைப்பிங். பந்தல் போடுவது, வாழைமரம் கட்டுவது, சமையல்காரனோடு சண்டை, எல்லாம் அவன்தானாம். "தங்கமான பிள்ளைக்கா, சொந்த மகன்கூட இப்படிச் செய்யமாட்டான்" என்று பாக்கியம் எனக்குச் சொல்கிறாள். எனக்கே. ஈப்போ ஒரு மணி நேரம். ஒரு எட்டு வந்துவிட்டுப் போயிருக்கலாம். வேலை இருந்திருக்கும். கல்யாண வீட்டில் வேலை இருக்காதா?

நேற்று நான்தான் போன் பண்ணினேன். அந்தப் பெண் எடுத்தது. "அண்ணன்கிட்ட சொல்லு, நாளைக்கு மூணு மணி பஸ்ல வர்றேன், வந்து கூட்டிக்கிட்டுப் போகச் சொல்லு" என்றேன். பக்கத்தில் யாரிடமோ பேசுகிற சத்தம் கேட்டது. கொஞ்ச நேரம். பிறகு, "நீங்க வாங்க பெரியம்மா, வண்டி இருக்கும்" என்றது. வண்டி இருக்கும் என்றால் அவன் வருகிறான் என்றுதானே அர்த்தம்? வண்டி தானாக வருமா?

இதோ, கமுண்டிங் வந்துவிட்டது, தைப்பிங் பஸ்ஸெல்லாம் இங்கேதான் நிற்கும். மழையைப் பாருங்கள், தைப்பிங் என்றால் மழை. உங்கள் பக்கம்தான் நிலையம் தெரியும், கொஞ்சம் கண்ணாடியைத் துடையுங்கள். உயரமான பையன். கண்ணாடி போட்டிருப்பான். இல்லையா? கூட்டமாக இருக்கும், நிதானமாகப் பாருங்கள்.

யாரது, குடை பிடித்துக்கொண்டு? அட, அதுவா! ஐயோ, கல்யாணப் பெண் தம்பி, அது! கை நிறைய மருதாணி, முழங்கை வரைக்கும், அந்தக் கையோடு குடையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது, எல்லாம் வழிந்து போகப்போகிறது. முகூர்த்தத்துக்கு முந்தின நாள் பெண்ணை வாசற்படி தாண்ட விடுவார்களா? நம் வீடுகளில் எந்தத் தாயாவது விடுவாளா? என்ன வளர்ப்போ, என்ன பழக்கமோ. சிரிக்கிறதைப் பாருங்கள். கை ஆட்டுகிறது.

தனியாகவா வந்திருக்கிறது? இருக்காது. நீங்கள் சரியாகப் பார்க்கவில்லை. அந்தத் தூணுக்கு அந்தப் பக்கம் பாருங்கள் தம்பி. காருக்குள்ளே யாராவது இருக்கிறார்களா பாருங்கள்.